கதவுக்கு இந்தப் பக்கம்

சின்னவனிடம் ஒரு கதை இருந்தது. ஒரே ஒரு கதைதான், ஆனால் அதை வைத்தே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டான். பள்ளியில் 'நான் யார்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது அதைத்தான் எழுதினான். கல்லூரி விண்ணப்பத்தில் அதையே கொஞ்சம் இழுத்து எழுதினான். கண்ணாடிக் கடை வேலைக்கு நேர்முகத்துக்குப் போன இடத்தில், 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும் தொண்டையைச் செருமிக்கொண்டு அதையே எடுத்துவிட்டான். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் வில்லை பொருத்துகிற வேலைக்கு அந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். முதலாளி கேட்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திங்கட்கிழமை வந்துவிடு என்றார்.

கதை இதுதான். அவன் அப்பாவும் அம்மாவும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீடு தேடி அலைகிறார்கள். ஒரு ஜன்னலில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்குகிறது. மணியை அடிக்கிறார்கள். ஓர் ஆள் கதவைத் திறந்து மேலும் கீழும் பார்க்கிறான். 'வீடு போய்விட்டது' என்று சொல்லிச் சாத்திக்கொள்கிறான். அட்டை மறு வாரமும் அங்கேயே தொங்குகிறது. 'அந்தக் கதவு என் முகத்தில் சாத்தப்பட்டது' என்று சின்னவன் முடிப்பான். முடித்துவிட்டு இரண்டு நொடி தரையைப் பார்ப்பான். அந்த இரண்டு நொடிக்கும் ஒத்திகை உண்டு.

அப்போது அவனுக்கு வயது ஒன்றரை. அம்மாவின் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தான். கதவு சாத்தப்பட்டது அம்மாவின் முகத்தில். ஆனால் 'நான்' என்று சொன்னால்தானே கதை எடுபடும்.

அவனைக் கரித்துக்கொட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீ எந்த ஊர் என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவனைக் கேட்டார்கள். இந்த ஊர் என்றால் சிரித்தார்கள். அப்பா அம்மாவின் ஊரைச் சொன்னால், அங்கே எப்படி, இங்கே எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது. அந்த ஊரை அவன் படத்தில்தான் பார்த்திருக்கிறான். கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்க அவன் கையில் இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான். எங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள், அதனால் நான் இன்னான். அதற்கு மேல் தன்னைப் பற்றி யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு வரவில்லை.

நகர நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் இளைஞர்களுக்கு 'சொந்தக் கதை' என்று ஒரு பயிற்சி நடந்தது. வட்டமாக நாற்காலிகள், மூலையில் தண்ணீர் இயந்திரம், சுவரில் யாரோ ஒட்டிவிட்டு மறந்துபோன உலக வரைபடம். பத்துப் பேர், ஆளுக்கொரு நிறம், ஆளுக்கொரு வீட்டுமொழி. நடத்தியது வானொலியில் முப்பது வருஷம் பேசி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். எல்லோருக்கும் அவர் ரேடியோம்மா. அங்கே பேச்செல்லாம் அந்த ஊர் மொழியில்தான், நமக்காக நம் வாயில் சொல்கிறேன்.

முதல் நாளே சின்னவன் கதவுக் கதையை இறக்கினான். அறை அப்படியே கட்டுண்டு போயிற்று. அன்றிலிருந்து அங்கே அவனுக்குப் பெயரே 'கதவு' என்று ஆயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள், ஒருத்தியைத் தவிர. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற பெண் அவள். கறுப்பினத்தவள், இவனைவிட இரண்டு வயது மூத்தவள். அவள் தட்டாமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயல் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

ஐந்து வாரம் போயிற்று. ஆறாவது வாரம் ரேடியோம்மா புதிதாக ஒன்று சொன்னார்.

"இத்தனை நாள் உங்க கதையை நீங்களே சொன்னீங்க. அதுல ஒரு கஷ்டமும் இல்ல. இனிமே ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து கதையை மாத்திக்கோங்க. அவ கதையை நீ 'நான்'னு சொல்லணும். ஏழு நிமிஷம். நடுவுல 'அவ'ங்கற பேச்சே வரக்கூடாது. கடைசி சனிக்கிழமை வெளியாளுங்க வருவாங்க. வீட்டுலருந்தும் ஆளைக் கூட்டிட்டு வாங்க."

யார் யாரோடு என்று அவர் கேட்பதற்குள் லேப் பெண் கையைத் தூக்கினாள். "நான் கதவோட."

சின்னவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வாரமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள் தன்னைத் தேர்ந்தெடுத்தது தன் கதையின் மகிமை என்று நினைத்தான்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆஸ்பத்திரி லேபுக்குப் போனான். சாப்பாட்டு நேரம், காத்திருக்கும் பெஞ்சுகள் காலியாக இருந்தன. அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் இவன் கதையைக் கேட்டாள். குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கதவு சாத்தின பிறகு உங்கம்மா என்ன பண்ணாங்க?"

இவன் திருதிருவென்று விழித்தான். பத்து வருஷமாகச் சொல்கிற கதை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. இவனும் கேட்டதில்லை.

"கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள். "இப்ப என்னோடது. இங்க ஊசி எடுத்ததும் சில பேர் 'வேற ஆள் இல்லையா'ன்னு கேப்பாங்க. அதைச் சொல்லலாம்னு பாத்தேன். வாரத்துக்கு ரெண்டு தடவை நடக்கறதை எங்க கதையா சொல்றது. வேற ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோ."

இவன் நோட்டைத் திறந்தான்.

"மூணு மாசம் முன்னாடி ரூம் தேடிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரத்துல ஒரு வீட்டு ஜன்னல்ல அட்டை பாத்தேன். போன் பண்ணினேன். ஒரு பையன் எடுத்தான். நல்லாப் பேசினான். என்ன வேலைன்னு கேட்டான், சொன்னேன். 'அப்ப எங்கம்மாவுக்கு நல்லதாப் போச்சு, சர்க்கரை பாக்க வீட்டுலயே ஆளு'ன்னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். அஞ்சரைக்கு வாங்கன்னான்."

சின்னவனின் பேனா 'சர்க்கரை' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"வேலை உடுப்போடயே போனேன், பாத்ததும் நம்பிக்கை வரட்டும்னு. மணி அடிச்சேன். மாடி ஜன்னல்ல திரை அசைஞ்சது. உள்ள யாரோ படியில தடதடன்னு இறங்கி வந்து கதவுகிட்ட நின்னாங்க. அப்ப மேலருந்து ஒரு அம்மா அவங்க பாஷையில ஏதோ சொன்னாங்க. சின்னதா, ஒரு வரிதான். கதவு திறக்கல. உள்ளருந்தே அந்தப் பையன், 'மன்னிச்சுக்கோங்க, ரூம் இப்பதான் போச்சு'ன்னான். ரொம்ப மரியாதையா. நான் பத்து நிமிஷம் அங்கயே நின்னேன்."

"எதுக்கு?" என்று கேட்டான். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது.

"அட்டையை எடுக்க வருவான்னு. எடுத்திருந்தா நம்பியிருப்பேன்." அவள் எழுந்து கைகழுவும் தொட்டிக்குப் போனாள். "எழுதிக்கிட்டியா?"

"ம்" என்றான். நோட்டில் ஒரு வரிகூட முழுதாக இல்லை.

அந்தச் சாயங்காலம் கதவுக்கு உள்ளே நடந்தது இது. அண்ணன் கல்யாணமாகித் தனியாகப் போனதில் மாடி அறை காலி. சின்னவன்தான் குண்டு குண்டாக அட்டை எழுதி ஒட்டினான், போனை எடுத்தான், சிரித்துப் பேசினான். மணி அடித்ததும் தாழ்ப்பாளில் கை வைத்தான். அம்மா மேலேயிருந்து, "டேய், அவங்க ஆளுடா. போயிடுச்சுன்னு சொல்லிடு" என்றாள். சொல்லிவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. ஏழு வயதிலிருந்து அம்மாவுக்கு வெளியுலகத்தில் அவன்தான் வாய். வங்கியில், ஆஸ்பத்திரியில், அரசாங்க அலுவலகத்தில் அம்மா சொல்வதை மரியாதையான மொழியில் திருப்பிச் சொல்வது அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அன்றைக்கும் அப்படித்தான் திருப்பினான். சொன்ன பிறகு கதவின் கண்ணாடிச் சில்லில் ஒரு நிழல் நகராமல் நின்றது. அது போகும்வரை படியில் உட்கார்ந்து மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பத்து நிமிஷத்தை அவனும்தான் எண்ணினான். பிறகு எழுந்து போய்ச் சாப்பிட்டான். இரண்டு நாளில் மறந்தும்விட்டான். மறந்ததை நினைத்தபோதுதான் அவனுக்கு உடம்பு கூசியது.

வீட்டுக்கு வந்தான். அம்மா தையல் இயந்திரத்தில் யாருடைய பேன்டுக்கோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துப் பேன்டெல்லாம் அம்மா கையில்தான் கால் குட்டையாகும்.

"அம்மா, மேல் ரூம் கேட்டு ஒரு பொண்ணு வந்தாளே. ஆஸ்பத்திரி வேலைன்னு."

"யாரு, அந்தக் கறுப்புப் பொண்ணா? அதுக்கென்ன இப்போ?"

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"எப்படிச் சொன்னேன்? அவங்களைப் பத்தி நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. எனக்குப் பயமா இருந்துச்சு, சொன்னேன்."

இதைச் சொன்ன அம்மாவையும் அந்தப் பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் யார் கறுப்பு என்று தீர்ப்புச் சொல்ல ஒரு குழு போட வேண்டியிருக்கும். சின்ன வயதில் அம்மாவைச் சொந்தக்காரர்களே 'கருப்பி' என்றுதான் கூப்பிட்டார்களாம். அதை அவளே சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

"நம்மளையும் ஒருத்தன் அப்படித்தானேம்மா..."

அம்மா மிதியிலிருந்து காலை எடுத்தாள். இயந்திரம் நின்றது.

"அந்தாளு கதவைத் திறந்து என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னான். நீ திறக்கக்கூட இல்ல."

"நீதானே சொல்லச் சொன்ன?"

"நான் உன்கிட்டதான் சொன்னேன். நம்ம பாஷையில சொன்னேன். அவளுக்குப் புரியற பாஷையில சொன்னது நீதான்டா. நீ பாட்டுக்கு 'உள்ள வாங்க, ரூமைப் பாருங்க'ன்னு சொல்லியிருந்தா நான் மேலருந்து குதிச்சா வந்திருப்பேன்? ரெண்டு வார்த்தை முணுமுணுத்துட்டு டீ போட்டிருப்பேன்."

அம்மா சொன்னாள், நான் மொழிபெயர்த்தேன் என்று வழியெல்லாம் சின்னவன் கட்டிக்கொண்டு வந்த சப்பைக்கட்டு ஒரே பேச்சில் அவிழ்ந்துபோயிற்று. முகம் கொடுக்க முடியாமல் வெட்டித் தள்ளியிருந்த பேன்ட் துணியைப் பொறுக்கினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"அந்தாளு கதவைச் சாத்தின பிறகு நீ என்னம்மா பண்ண?"

"திரும்பி மணி அடிச்சேன்."

"எதுக்கு?"

"உனக்குப் பால் கலக்க வெந்நீர் வேணும். நீ எழுந்து கத்த ஆரம்பிச்சுட்ட. பாட்டிலைக் காட்டினேன். உள்ள போய் வெந்நீர் ஊத்திக் கொடுத்தான். வாங்கிக்கிட்டேன்." அம்மா நூலைப் பல்லால் கடித்தாள். "அதை ஏன் வாங்கினேன்னு இன்னிக்கும் எனக்கு வெக்கமா இருக்கும். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்."

அந்த வெந்நீரில் கலந்த பாலைக் குடித்தவன்தான் ஊரெல்லாம் கதவுக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

மறுநாள் கடையில் வலக்கண் வில்லையை இடக்கண்ணில் பொருத்திவிட்டான். வாங்கிப் போன பெரியவர் நடைபாதை எல்லாம் தூக்கலாகத் தெரிகிறது என்று திரும்பி வந்தார். மதிய இடைவேளையில் லேப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, அம்மா சொன்ன வெந்நீர் விஷயத்தைச் சொன்னான். பிறகு மென்று விழுங்கிக் கேட்டான்.

"உன்கிட்ட வேற கதை ஏதாவது இருந்தா..."

"ஏன், இது நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. எனக்குச் சரியா வருமான்னுதான்."

"வரும்" என்றாள். "மணி அடிச்ச ஆளா நின்னு பாரு. வரும்."

சொல்லிவிட வேண்டும் என்று நான்கு தரம் அவள் எண்ணை எடுத்தான், நான்கு தரமும் வைத்தான். சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்பது ஒரு பயம். வகுப்பில் தன் முகம் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய பயம். 'கதவு' என்று கூப்பிட்ட ஒன்பது பேரும் இனி என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? மறைத்துவிட்டு அவள் கதையை அவளாக நின்று சொல்லிவிடலாம் என்று வீட்டில் கண்ணாடி முன்னால் முயன்றான். 'நான் மணி அடித்தேன்' என்பதுவரை வரும். அதற்கு மேல் உள்ளே இருந்தவன் வாய் வந்து அடைத்துக்கொள்ளும். அவனுக்கு அவமானமாக இருந்தது. வேறு எந்தப் பெயரும் அதற்குப் பொருந்தாது.

கடைசி சனிக்கிழமை வந்தது. நூலக மாடியில் நாற்பது பேர். அம்மாவும் வந்தாள். அப்பாவுக்கு வேலை. தன் கதையை யாரோ மேடையில் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டதிலிருந்து அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நல்ல புடவை கட்டி முதல் வரிசையில் உட்கார்ந்தாள். மேடையில் ஏறிய பெண்ணைப் பார்த்து, "இந்தப் பொண்ணா என் கதையைச் சொல்லப்போறா?" என்றாள் மெதுவாக. அன்றைக்கு மாடியிலிருந்து பார்த்தது வெறும் உச்சந்தலையும் உடுப்பும்தான், அதனால் அடையாளம் தெரியவில்லை. சின்னவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

லேப் பெண் சொன்னாள். 'நான் கைக்குழந்தையோட வீடு தேடிட்டிருந்தேன்' என்று ஆரம்பித்தாள். சின்னவன் சொல்கிற மாதிரி குரலை ஏற்றவில்லை, இறக்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. சாத்திய கதவை ஒரே வாக்கியத்தில் கடந்து போனாள். திரும்பி மணி அடித்த இடத்தில்தான் நின்றாள். கையில் பாட்டில் இருப்பதுபோல் நீட்டினாள். 'அவன் கொடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன். குழந்தை குடிச்சது. அது குடிக்கிற வரைக்கும் அவன் வாசப்படியிலயே நின்னேன்' என்றாள். அம்மாவுக்கு அந்த மொழி அரைகுறைதான். பாட்டில் நீட்டிய கை புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பத்து வருஷம் மகன் சொன்ன கதையில் அம்மா ஒரு தரம்கூட வந்ததில்லை, அன்றைக்குத்தான் வந்தாள்.

அடுத்து சின்னவன். ஒலிவாங்கி முன்னால் போய் நின்றான்.

"நான் ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கறேன். மூணு மாசம் முன்னாடி ரூம் தேடினேன்." போன் வந்தது, சர்க்கரை வந்தது, கூட்டம் சிரித்தது. "வேலை உடுப்போடயே போய் மணி அடிச்சேன். மேல திரை அசைஞ்சது. உள்ள ஒருத்தன் படியில இறங்கி வந்தான். கதவு திறக்கல. உள்ளருந்து ஒரு குரல்..."

அங்கே நின்றுவிட்டான். தண்ணீர் இயந்திரம் குடுகுடுவென்று சத்தம் போட்டது.

"அந்தக் குரல் என்னோடது" என்றான்.

அப்புறம் அணை உடைந்ததுபோல எல்லாம் வந்தது. உள்ளே நின்றவன் நான், கதவுக் கதை சொல்லி உங்களையெல்லாம் அழவைத்தவன் நான், என் அம்மா மேலேயிருந்து சொன்னாள், நான் சொன்னேன், படியில் ஒளிந்துகொண்டேன், இரண்டு நாளில் மறந்தேன். மன்னிப்புக் கேட்டான். குரல் உடைந்தது. 'என் அம்மா' என்று அவன் சொன்ன இடத்தில் நாற்பது தலையும் முதல் வரிசைப் பக்கம் திரும்பின. தன் கதையைத்தான் மகனும் சொல்கிறான் என்று நினைத்த அம்மா, எல்லோரையும் பார்த்து வெட்கத்தோடு சிரித்தாள். ஒருத்தருக்குக் கை கூப்பவும் செய்தாள். இந்த இடத்தைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது.

கை தட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. இரண்டு பேர் எழுந்தே நின்றார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். என்ன தைரியம், இதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒரு அரை நொடி அவனுக்கு அது இனித்தது. ரேடியோம்மா மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அவளுக்கு ஏழு நிமிஷம் இருந்துச்சு. ரெண்டரை நிமிஷத்துல அவளை இறக்கி விட்டுட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லேப் பெண் வாசல் பக்கம் மேல்கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் ஓடினான்.

"உன்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மன்னிச்சுடு."

"எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"நீ வாயைத் திறந்து 'வீடு போய்விட்டது'ன்னு அந்தாளு மாதிரி பேசிக் காட்டினியே. அதே குரல், அதே மரியாதை."

"தெரிஞ்சும் ஏன் என்னோட ஜோடி போட்ட?"

"நீ ஏழு நிமிஷம் நானா நிக்கணும்னு ஆசைப்பட்டேன். பத்து நிமிஷம் அங்க எப்படி நின்னேன்னு நீ உன் வாயால சொல்லணும்னு. நீ அது வரைக்கும் வரவே இல்ல. என் கதையிலயும் நடுவுல நீதான் நிக்கற. அழுத, தட்டினாங்க. வாசல்ல நின்னவளைப் பத்தி யாராவது ஒருத்தர் கேட்டாங்களா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

"நான் என்ன பண்ணணும் சொல்லு" என்றான்.

அவள் பொத்தான் போடுவதை நிறுத்தினாள். "ரூம் போயிடுச்சா?"

"இல்ல."

"காலியாதான் இருக்கா?"

"காலியாதான் இருக்கு."

"நான் இப்ப இருக்கற இடத்துலருந்து ரெண்டு பஸ் மாறி வரேன். எனக்கு இன்னும் ரூம் வேணும்."

இதை அவன் எதிர்பார்க்கவே இல்லை. மன்னிப்பு, கண்ணீர், திட்டு, எல்லாவற்றுக்கும் தயாராக வந்தவன் இதற்கு மட்டும் தயாராக வரவில்லை.

"அம்மாவைக் கேக்கணும்" என்றான்.

"அவங்கதான் வராங்களே. கேளு."

திரும்பிப் பார்த்தான். அம்மா கையில் காகிதக் கோப்பையோடு இவர்களைப் பார்த்துத்தான் வந்துகொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி. நேராக லேப் பெண்ணிடம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னமா சொன்னா பாரு, என் கூடவே நின்னு பாத்தவ மாதிரி" என்று மகனிடம் தமிழில் சொன்னாள். "பாட்டிலை நீட்டினாளே, எனக்கு அப்படியே ஆயிடுச்சு. நீயும் நல்லாத்தான் பேசின. எல்லாரும் திரும்பித் திரும்பி என்னையே பாத்தாங்க. நம்ம கதைதானேடா சொன்ன?"

"ஆமாம்மா."

லேப் பெண் பிடித்த கையை விடாமல் அம்மாவைப் பார்த்து மெதுவாக, ஊர் மொழியில், எளிமையான வார்த்தைகளாகப் பொறுக்கிக் கேட்டாள். உங்கள் மாடி அறையை எனக்குத் தருவீர்களா என்று. அம்மாவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. வழக்கம்போல மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா கேக்கறா?"

அவள் இவனைப் பார்த்தாள். அம்மாவும் இவனைப் பார்த்தாள். இரண்டு பேர் கையும் ஒன்றாக இருந்தது. ஒரு வரி சொன்னால் போதும். அம்மா இரண்டு வார்த்தை முணுமுணுப்பாள், இல்லை, முணுமுணுக்காமலும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால் அன்றைக்கு வந்தது இவள்தான் என்று சொல்ல வேண்டும். மேடையில் உன்னைப் பற்றி என்ன சொன்னேன் என்று சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கு எதற்காகச் சிரித்தாய் என்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்லம்மா" என்றான். "கிளம்பறாளாம். போயிட்டு வரேன்னு சொல்றா."

இந்தத் தடவை மேலேயிருந்து யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை.

லேப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. இவன் முகத்தைப் பார்த்தாள், கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள், கடைசிப் பொத்தானைப் போட்டாள். அவள் படியில் பாதி இறங்கிய பிறகும் அம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள். "ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வரச் சொல்லுடா."